முளைநுனியின் தூது
சாள்ஸ் டார்வின் முதுமைக்கால ஆராய்ச்சி வரலாறு

யன்னலோரத்திலே பூந்தொட்டி வைத்து நீர் வார்ப்போர் யாவரும் கண்ட காட்சி ஒன்றுண்டு. தொட்டியிலுள்ள செடி அறையின் உட்புறத்தை வெறுத்ததுபோல வெளிச்சம் வரும் பக்கத்தையே நோக்கிச் சாய்ந்து நிற்கும். தொட்டியைத் திருப்பி வைத்தால், சில நாளிலே செடியும் திரும்பிவிடும். இதனை நாம் காண்கின்றோம். செடியின் இயல்பு அது என்று சொல்லிக் கடந்து போகின்றோம். கண்ணில்லாத செடி ஒளி வந்த திசையை எவ்வாறு அறிந்தது? அதனை அறிந்த உறுப்பு எது? அறிந்த செய்தி வளைகின்ற உறுப்புக்கு எவ்வழியாற் சென்றது? இவ்வினாக்களை எழுப்பி, மிக எளிய கருவிகளைக் கொண்டே விடையின் ஒரு பாதியைக் கண்டவர், கூர்ப்புக் கொள்கையால் உலகப் புகழ் எய்திய சாள்ஸ் டார்வின் ஆவர். கூர்ப்புக் கொள்கையின் பெயரையேனும் கேளாத மாணவர் இலர். ஆனால், அப்பெரியார் தம் முதுமையிலே ஒரு புல்முளையின் நுனியை ஆராய்ந்த வரலாற்றையும், அதன்பொருட்டு அவருக்கு நேர்ந்த இகழ்ச்சியையும் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் பழமொழி. டார்வினைப் பொறுத்தவரை அப்பழமொழி பொய்த்தது என்றே அவருடைய இளமையைக் கண்டோர் எண்ணியிருப்பர். அவர் 1809 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆந் திகதி இங்கிலாந்திலுள்ள சுரூஸ்பரி என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் றொபேட் டார்வின் பெயர்பெற்ற வைத்தியர். பாட்டனார் இராஸ்மஸ் டார்வின் வைத்தியராய் இருந்ததோடு, தாவரங்களின் வாழ்வைச் செய்யுளிற் பாடிய கவிஞருமாவர். எட்டு வயதிலே தாயை இழந்த சிறுவன், பள்ளிக் கல்வியிலே சிறந்து விளங்கினானல்லன். வண்டுகளைப் பிடிப்பதும் கற்களைத் திரட்டுவதும் வேட்டையாடுவதுமே அவனுக்கு உவப்பாயிருந்தன.

வைத்தியம் பயிலுமாறு 1825 இல் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். உணர்வு நீக்கும் மருந்து இல்லாத அக்காலத்துச் சத்திரசிகிச்சையைக் கண்கொண்டு பார்க்க மாட்டாது அக்கல்வியைக் கைவிட்டார். பின்பு சமய குருவாதற் பொருட்டு 1828 இற் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அங்கே தாவரவியற் பேராசிரியராய் இருந்த ஹென்ஸ்லோ இவரைத் தம்முடன் உலாவ அழைத்துச் சென்று, செடிகொடிகளைக் காணும் முறையைக் கற்பித்தார். ஓர் ஆசிரியர் ஒரு மாணவனுக்குச் செய்யக்கூடிய பேருதவி யாது என்று கேட்பார்க்கு ஹென்ஸ்லோ செய்ததனையே காட்டலாம். பீகிள் என்னும் கப்பலிலே இயற்கை ஆராய்ச்சியாளராகச் செல்லும் வாய்ப்பினை இவருக்குத் தேடிக்கொடுத்தவரும் அவரே. 1831 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் புறப்பட்ட அக்கப்பல் உலகைச் சுற்றி 1836 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே மீண்டது. அப்பயணத்திலே விளைந்த எண்ணங்கள் இருபதாண்டுக்கு மேலாகப் பண்படுத்தப்பட்டு, 1859 இல் இனங்களின் தோற்றம் பற்றிய நூலாய் வெளிவந்தன. அதன்பின் நிகழ்ந்த வாதங்கள் யாவரும் அறிந்தவை. அவை நம் கதைக்கு வேண்டா.

நோயும் கொடியும்

பயணத்தால் மீண்ட டார்வினை ஓயாத நோய் பற்றியது. 1839 இல் எம்மா என்னும் அம்மையாரை மணந்த அவர், 1842 இல் இலண்டன் நகரை விட்டுக் கென்ற் மாகாணத்திலே டௌண் என்னும் சிற்றூரிற் குடியேறினார். எஞ்சிய நாற்பதாண்டும் அவ்வில்லமே அவருக்கு உலகமாயிற்று. பிறந்த பிள்ளைகள் பதின்மருள் மூவர் இளமையிலே இறந்தனர்; பத்து வயது நிரம்பிய அன்னி என்னும் அருமை மகளை 1851 இல் இழந்த துயர் அவரை விட்டு நீங்கவேயில்லை. வயிற்று நோயும் தலைச்சுற்றும் சோர்வும் அடிக்கடி வந்து வருத்த, நாளொன்றுக்குச் சில மணி நேரமே வேலை செய்யக்கூடியவராய் இருந்தார்.

இத்தகைய நோய்க்காலம் ஒன்றிலேதான் அவர் தாவர அசைவு என்னும் பொருளிலே ஈடுபட்டார். அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிறே, பற்றுக்கம்பிகளின் இயக்கத்தைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை இவரது ஆவலைத் தூண்டியிருந்தது. படுக்கையறையிலே தொட்டியொன்றில் ஹொப் என்னும் கொடியை வளர்த்து, இரவும் பகலும் அறையை விட்டு வெளியேற இயலாத நிலையிலே, அதன் நுனி வட்டமிட்டுச் சுழன்று பற்றுக்கோடு தேடும் முறையை மணிக்கணக்கிற் கவனித்தார். நோயாளி நகரவில்லை, கொடி நகர்ந்தது. இவ்வாராய்ச்சி 1865 இற் கட்டுரையாகவும் 1875 இல் நூலாகவும் வெளிவந்தது. செடி அசையாப் பொருள் என்னும் எண்ணம் அவர் உள்ளத்திலிருந்து அன்றே அகன்றது.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்து, அவ்வறிவு தொட்டுணர்வே என்றார் தொல்காப்பியர். தமிழ் கற்போர் இதனை நன்கறிவர். இதனைக் காட்டி, மேனாட்டார் கண்டதெல்லாம் நம் முன்னோர் கண்டதே எனப் பெருமை பேசுதல் முறையன்று. வகுத்தல் வேறு; சோதித்துக் காண்டல் வேறு. தொட்டுணர்வோடு ஒளியுணர்வும் தாவரத்துக்கு உண்டா, உண்டாயின் உடலில் எங்கே உண்டு என்று கேட்டு, முளை முளையாகச் சோதித்தமையே டார்வின் செயலின் சிறப்பு.

மகன் வந்த வழி

டார்வினுடைய மக்களுள் ஒருவர் பிரான்சிஸ். 1848 இற் பிறந்த இவர் மருத்துவம் கற்றும் அத்தொழிலை மேற்கொள்ளவில்லை. 1874 இலே திருமணம் செய்தார். 1876 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே இவருடைய மனைவி ஆண்குழந்தை ஒன்றைப் பெற்றுச் சில நாளிலே இறந்தார். இருபத்தெட்டு வயதிலே மனைவியை இழந்த பிரான்சிஸ், தாயற்ற குழந்தையை ஏந்திக்கொண்டு தந்தையின் இல்லம் சேர்ந்தார். முதியோர் இருவரும் பேரனை வளர்த்தனர். மகன் தந்தையின் ஆராய்ச்சித் துணைவரானார். ஒரு வீட்டுத் துயரமே இவ்விருவரையும் ஒரே மேசையருகே இருத்தியது எனலாம்.

அவர்களுடைய ஆய்வுகூடம் வீடும் வீட்டைச் சார்ந்த கண்ணாடிக் குடிலுமே. செடிகளின் உயரத்தை அளக்க ஏழடி நீளமுள்ள பலகைக்கோல் ஒன்றிருந்தது; அதில் அளவுக் கோடுகளை இட்டவர் ஊர்த் தச்சர். செடியின் அசைவை அறிதற்கு அவர்கள் கண்ட முறையும் எளிது. மயிரிழை போன்ற கண்ணாடி நூலொன்றைச் செடியில் ஒட்டி, அதன் முனையில் அரக்குத் துளி வைத்து, எதிரே நிறுத்திய கண்ணாடித் தகட்டிலே அத்துளி தோன்றும் இடத்தை நேரந்தோறும் புள்ளியாகக் குறித்தனர். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தபோது, அசையாது நிற்பதாய்த் தோன்றிய செடி இடையறாது வளையமிட்டு அசைவது வெளிப்பட்டது.

பிறர் நகைக்கக்கூடிய சோதனைகளையும் முதியவர் தள்ளியதில்லை. மேசையின் அதிர்ச்சிக்குக் கூசும் சிறு செடியொன்று ஓசையையும் உணருமோ என ஐயுற்று, மகனை அதன் அருகே இருத்திப் பசூன் என்னும் பெருங்குழலை வாசிக்கச் செய்தார். செடி ஓசையைப் பொருட்படுத்தவில்லை. தம் கருத்துக்கு மாறான செய்தி கிடைத்தால் அதனை உடனே எழுதிவைப்பது டார்வினுடைய வழக்கம். உவந்த செய்தி நினைவில் நிற்கும், உவவாத செய்தி விரைவில் மறந்துபோகும் என்பது அவர் தம்மைப் பற்றியே கண்டறிந்த உண்மை.

தொப்பியிட்ட முளைகள்

இனி ஒளியாராய்ச்சிக்கு வருவாம். இதற்கு அவர்கள் தேர்ந்துகொண்டது, கூட்டிலே வளர்க்கும் பறவைகளுக்கு இரையாக இடப்படும் விதையைத் தரும் கனேரிப் புல். புல்லினத்து விதை முளைக்கும்பொழுது முதலில் மண்ணுக்கு மேலே தோன்றுவது இலையன்று. இளந்தளிரைப் போர்த்து நிற்கும் குழல்போன்ற உறையே. அதனை முளையுறை என்போம். இருட்டிலே வளர்ந்த முளைகளை ஒருபக்கமாக ஒளிவரும் இடத்தில் வைத்தால், அவை சில மணி நேரத்தில் ஒளியை நோக்கி வளையும். மிக மங்கிய விளக்கொளிக்குங்கூட அவை வளைந்தன.

வளைவு தொடர்ந்து நிகழ்வது முளையின் நுனியில் அன்று. அதற்குக் கீழுள்ள பகுதியிலே. எனவே ஒளியை உணர்வதும் அக்கீழ்ப்பகுதியே என எவரும் எண்ணுவர். டார்வின் அவ்வாறு எண்ணியமையவில்லை. சில முளைகளின் நுனிக்கு வெள்ளீயத் தாளாற் செய்த சிறு தொப்பியை இட்டனர். அம்முளைகளின் கீழ்ப்பகுதியெல்லாம் ஒளியில் நனைந்தும் அவை வளையாது நேரே நின்றன. தொப்பியின் பாரமோ நெருக்கமோ வளைவைத் தடுத்திருக்கலாம் அன்றோ? அவ்வையத்தைத் தீர்க்க ஒளி புகும் கண்ணாடிக் குழாய்களைத் தொப்பியாக இட்டனர்; அவற்றை அணிந்த முளைகள் வளைந்தன. அத்தகைய குழாய்களுக்குக் கருமை பூசி இட்டபோது முளைகள் வளையவில்லை. அடுத்து, நுனியை ஒளிபட விட்டுக் கீழ்ப்பகுதியை மறைத்தனர். நுண்ணிய கருமணலிலே கீழ்ப்பகுதியைப் புதைத்தும் பார்த்தனர். ஒளியே காணாத அக்கீழ்ப்பகுதி மணலுக்குள் இருந்தவாறே ஒளிவந்த திசைக்கு வளைந்தது.

இதனின்று பெறப்படும் முடிபு ஒன்றே. ஒளியை உணர்வது நுனி, வளைவது கீழ்ப்பகுதி. ஆகவே நுனியிலிருந்து கீழ்நோக்கி ஏதோ ஒரு தாக்கம் செல்லுதல் வேண்டும். அஃது யாது என்று டார்வின் கூறவில்லை. கூறுதற்கு அக்காலத்துக் கருவியும் இல்லை. தூது ஒன்று செல்கின்றது என்று கண்டார். தூதரின் பெயரும் உருவும் அறியாது நின்றார். அறியாததை அறிந்ததுபோலச் சொல்லாமையும் அறிஞர்க்கு இலக்கணமாகும்.

வேர்களிலும் இவ்வாறே சோதித்தனர். கிடையாக வைத்த வேர் புவியை நோக்கிக் கீழே வளைவது இயல்பு. வேர்நுனியை வெட்டியோ வெள்ளி நைத்திரேற்றினாற் சுட்டோ நீக்கியபோது, வேர் வளர்ந்ததேயன்றிக் கீழ்நோக்கி வளையவில்லை. இங்கும் நுனியே உணர்கின்றது என்று முடிபு செய்து, வேர்நுனியைத் தாழ்ந்த விலங்கொன்றின் மூளைக்கு ஒப்பிட்டார் டார்வின். மகனின் துணையோடு எழுதிய அந்நூல், தாவரங்களின் அசைவாற்றல் என்னும் பொருள்படும் பெயருடன் 1880 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தொன்று.

வூர்ஸ்பேர்க் நகரத்துப் பேராசிரியர்

அக்காலத்திலே தாவர உடற்றொழிலியலுக்குத் தலைமைப்பீடம் ஜேர்மனியிலுள்ள வூர்ஸ்பேர்க் சர்வகலாசாலை. அங்கே 1868 முதற் பேராசிரியராய் வீற்றிருந்தவர் யூலியஸ் சாக்ஸ். இலையின் பச்சையவுருமணியினுள்ளே ஒளியின் உதவியால் மாப்பொருள் உண்டாவதைக் காட்டியவர் அவரே. மண்ணின்றி நீரிலே செடி வளர்த்து, அதற்கு வேண்டும் உப்புக்களை ஆராய்ந்தவரும் அவரே. செம்மையான கருவிகளும் பல நாட்டு மாணவரும் நிறைந்த அவருடைய ஆய்வுகூடத்திலே பயில்வது பெரும்பேறாகக் கருதப்பட்டது. 1878 ஆம் ஆண்டுக் கோடையிலே பிரான்சிசும் அங்கே சென்று பயின்றார். தந்தையார் வீட்டிலிருந்து கடிதங்கள் எழுதி, ஆராய்ச்சிச் செய்திகளோடு பேரனின் நலத்தையும் அறிவித்து வந்தார்.

மகனுக்கு ஆசானாய் இருந்த அவரிடமிருந்தே தந்தைக்கு இகழ்ச்சி வந்தது. நூல் வெளிவந்தபின், சாக்ஸின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஒருவர் வேர்நுனிச் சோதனையைத் திரும்பச் செய்து, டார்வின் கண்டது தவறு என்றார். சாக்ஸ் 1882 இல் வெளியிட்ட விரிவுரை நூலிலே, டார்வினும் மகனும் திறமையின்றிச் சோதனை நடாத்தித் தவறாகப் பொருள் கொண்டனர் என எழுதினார். நீண்டகாலப் பயிற்சியில்லாதார் இத்துறையிற் புகுந்ததன் விளைவு அது என்பதே அவர் கருத்து. வீட்டு யன்னலருகே செய்யும் சோதனை, ஆய்வுகூடத்திலே பழகியவர் கண்ணுக்கு விளையாட்டாய்த் தோன்றியது போலும்.

வியன்னா நகரத்து வீஸ்னர் என்னும் பேராசிரியரும் 1881 இலே டார்வினை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஆயினும் அவர் மரியாதை குன்றாத மொழியிலே எழுதினார். அதனைப் படித்த டார்வின், மறுப்பினால் வருந்தியபோதிலும், மறுத்த முறையின் பண்பைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். மாற்றார் இருவர், இருவரும் கல்வியிற் பெரியோர். ஒருவர் மறுப்பு நட்புக்கு இடமளித்தது. மற்றவர் மறுப்பு வாயிலை அடைத்தது.

வழக்குத் தீர்வதற்கு முன்பே, 1882 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19 ஆந் திகதி டார்வின் இவ்வுலக வாழ்வை நீத்தார். இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் பெருங்கோயிலிலே, நியூற்றன் துயிலும் இடத்துக்கு அணித்தாக அவரை அடக்கஞ் செய்தனர்.

பிரிந்து கிடந்த இரு பாதிகள்

இவ்விடத்து நடுவுநிலை பிறழாது ஒன்று கூறுதல் வேண்டும். டார்வின் எல்லாவற்றிலும் சரியாய் இருந்தாரல்லர். தாவர அசைவுகள் யாவும் நுனியின் வட்டச் சுழற்சியிலிருந்தே தோன்றின என அவர் கொண்ட பெருங்கொள்கை நிலைக்கவில்லை. ஒளியுணர்வு நுனிக்கு மட்டுமே உரியதன்று என்பதையும், சில செடிகளிலே கீழ்ப்பகுதியும் உணர்கின்றது என்பதையும் றொதேட் என்னும் ஆராய்ச்சியாளர் 1894 இற் காட்டினார். எனினும் நுனியிலிருந்து தாக்கம் கீழே செல்கின்றது என்னும் உயிர்நிலையான முடிபை அவருடைய ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது.

வியப்பு யாதெனின், விடையின் மற்றைப் பாதி சாக்ஸின் கையிலேயே இருந்தது. டார்வினுடைய நூல் வெளிவந்த அதே 1880 ஆம் ஆண்டிலே சாக்ஸ் ஒரு கருத்தை வெளியிடத் தொடங்கினார். வேரை உருவாக்கும் பொருள் ஒன்று, பூவை உருவாக்கும் பொருள் ஒன்று என, உறுப்புக்களை ஆக்கும் தனிப்பொருள்கள் மிகச் சிறிய அளவிலே செடியின் உடலுள் இடம்பெயர்கின்றன என்பதே அக்கருத்து. ஆக, ஒருவர் தூது செல்வதைக் கண்டார். தூதர் யார் என்று அறியார். மற்றவர் தூதராகத் தக்க பொருள்கள் உண்டு என உணர்ந்தார். அவை தூது செல்லும் இடத்தைக் காட்டிய முளையை இகழ்ந்தார். இருவர் கருத்தும் ஒருங்கு கூடியிருப்பின், தாவர ஓமோன் என்னும் எண்ணம் பல்லாண்டு முந்தியே உருவாகியிருக்கவுங் கூடும். ஓமோன் என்னும் சொல்லே 1905 இலேதான் விலங்குடலியலார் வழங்கத் தொடங்கினர். எழுப்புதல், தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்க மொழியடியாகப் பிறந்தது அச்சொல்.

தூதரைக் கண்ட வரலாறு

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வழக்கு மெல்ல மெல்லத் தீர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பொய்சன் யென்சன் 1910 ஐ அடுத்த ஆண்டுகளில், ஓற்ஸ் முளையின் நுனியை வெட்டி, இடையே ஜெலற்றின் துண்டு வைத்து மீண்டும் பொருத்தினார். முளை ஒளிக்கு வளைந்தது. ஆகவே தாக்கம் ஜெலற்றினூடே கடக்க வல்லது. நிழற்பக்கத்திலே கடத்தாத மைக்காத் தகட்டைச் செருகியபோது வளைவு நின்றது. ஹங்கேரி நாட்டுப் பால் என்பார், வெட்டிய நுனியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, ஒளியே இல்லாத இருட்டிலும் முளையை வளையச் செய்தார். அவ்வாராய்ச்சி 1919 இலே விரிவாக வெளிவந்தது.

அதன்பின் 1926 இல், நெதர்லாந்திலுள்ள யூற்றெக்ற் நகரிலே பிறிற்ஸ் வென்ற் என்னும் இளைஞர் முடிவான சோதனையைச் செய்தார். இவருடைய தந்தையாரும் அந்நகரத்துத் தாவரவியற் பேராசிரியரே. வெட்டிய முளைநுனிகளை ஏகார்க் கூழின்மேற் சிறிது நேரம் வைத்து அகற்றினார். பின்பு அக்கூழைச் சிறு கட்டிகளாக அரிந்து, நுனி நீக்கிய முளையின் ஒரு பக்கத்திலே கட்டியொன்றை வைத்தார். இருட்டிலே அம்முளை, நுனியே இருப்பதுபோல, கட்டியில்லாத பக்கமாக வளைந்தது. உணர்ந்த நுனி அங்கில்லை. அது விட்டுச்சென்ற பொருள் மட்டுமே இருந்தது. கூழிலே பொருள் மிகுந்தால், ஓர் எல்லை வரை, வளைவும் மிகுந்தது. டார்வின் கண்ட தாக்கம் ஒரு வேதிப்பொருள் என்பது அன்று ஐயமற நிலைபெற்றது. வளர்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாக அதற்கு ஒட்சின் என்று பெயரிட்டனர். 1934 இல் இந்தோல் அசற்றிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு இச்செயல் உண்டென அறிந்தனர். அதனை அவர்கள் பிரித்தெடுத்தது செடியிலிருந்து அன்று, மனிதரின் சிறுநீரிலிருந்து என்பது அறிவியல் வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

பிரான்சிஸ் இச்செய்தியைக் கேட்க உயிரோடிருந்தாரல்லர். கேம்பிரிட்ஜிலே தாவரவியல் கற்பித்து, தந்தையின் வாழ்க்கையையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டு, முதுமையெய்திய அவர் 1925 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே காலமானார். வென்ற் செய்த சோதனை அடுத்த ஆண்டின் ஏப்பிரல் மாதத்தது. வெள்ளீயத் தொப்பிகளைத் தந்தையோடு இருந்து முளைகளுக்கு இட்ட கை, ஏழு திங்களிடையே விடையைத் தவறவிட்டது.

காவலரை அகற்றும் தூதர்

தூதர் யார் என அறிந்தபின்னும், தூது எவ்வாறு கேட்கப்படுகின்றது என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை நம் காலத்திலே கிடைத்துள்ளது. முளையின் கலங்களிலே நீல ஒளியை ஏற்கும் போற்றோதுரோபின் என்னும் புரதம் உண்டு. அதற்குரிய பரம்பரையலகு 1997 இல் அறியப்பட்டது. ஒளி ஒருபுறமாகப் படும்பொழுது ஒட்சின் நிழற்பக்கத்திலே மிகுதியாகச் சேர்கின்றது. கலத்துக்குக் கலம் அதனைக் கடத்துதற்கு மென்சவ்விலே வேறு புரதங்கள் வாயில்போல அமைந்துள்ளன. நிழற்பக்கத்துக் கலங்கள் நீளுகின்றன. ஒளிப்பக்கத்துக் கலங்கள் அவ்வளவு நீளுவதில்லை. ஆகவே தண்டு ஒளியை நோக்கிச் சாய்கின்றது. செடி ஒளியின்மேற் காதல் கொண்டு சாய்வதன்று. அதன் முதுகு விரைந்து வளர்வதனாற் சாய்கின்றது.

கலத்தினுள்ளே வளர்ச்சிக்குரிய பரம்பரையலகுகளைத் தடுத்து நிற்கும் புரதங்கள் சில உள. அவற்றை வாயிற்காவலர் எனலாம். ஒட்சின் வந்ததும், அது ரீ.ஐ.ஆர்.1 என்னும் வாங்கிப் புரதத்தையும் காவற் புரதத்தையும் பசைபோல ஒட்டுவிக்கின்றது. அவ்வாறு பிடிபட்ட காவற் புரதம் அழிவுக்கு அடையாளமிடப்பட்டுச் சிதைக்கப்படுகின்றது. காவல் நீங்கவே வாயில் திறக்கின்றது. தூதர் வளர்க என்று கட்டளையிடுவதில்லை. வளராதே என்று தடுத்தோரை அகற்றுகின்றார். இவ்வுண்மையை 2005 இல் இரு குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றின் ஆய்வுக்கட்டுரையை எழுதியோர் வரிசையிலே நிகால் தர்மசிறி, சுனேத்திரா தர்மசிறி என, நம் நாட்டார் செவிக்குப் பழகிய பெயர்களைக் காண்கின்றோம்.

பிறிதொரு வளர்ச்சி ஓமோனாகிய கிபரெலினும் இம்முறையே டெல்லா எனப்படும் தடைப்புரதங்களை நீக்கித் தண்டை நீட்டுகின்றது. காற்றுக்குச் சாயாத குட்டைக் கோதுமையிலே அத்தடைப்புரதம் எளிதில் நீங்காதவாறு திரிந்துள்ளது என்பதை 1999 இல் அறிந்தனர். 1966 இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லிலே கிபரெலின் ஆக்கமே குறைந்துள்ளது என்பதை 2002 இல் அறிந்தனர். பசியை ஓட்டிய பயிர்களின் குட்டைத்தன்மைக்குக் காரணம் இத்தூதரும் காவலருமே. தண்டுத் துண்டை நட்டு வேர்விடச் செய்யும் மருந்தும், வயலிலே அகன்ற இலைக் களைகளை அழிக்கும் மருந்துகளுட் சிலவும் ஒட்சினைப் பின்பற்றி ஆக்கப்பட்டவையே.

இத்துணைப் பெரிய துறைக்கு வித்து, ஒரு முதியவர் புல்முளைக்கு இட்ட தொப்பி. சாக்ஸ் 1897 இல் மறைந்தார். அவர் கண்ட உண்மைகளும் இன்றளவும் பாடநூல்களிலே நிற்கின்றன. அவரை இகழ்வதும் நமக்கு அழகன்று. ஆயினும் கருவியின் விலையைக் கொண்டு சோதனையின் தரத்தை மதிப்பிடலாகாது என்னும் பாடத்தை அவரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆய்வுகூட வசதியில்லை என்று ஏங்கும் கிராமத்துப் பாடசாலைகள் நம் நாட்டிலே பல உள. அங்குள்ள ஆசிரியர்க்கு இவ்வரலாற்றைக் காணிக்கையாக்குகின்றேன். சிறிது சோளமோ நெல்லோ இருட்டிலே முளைக்க வையுங்கள். சில முளைகளின் நுனிக்கு மெல்லிய உலோகத் தாளினால் தொப்பியிட்டு, சிலவற்றை வாளா விட்டு, ஒருபக்கம் திறந்த பெட்டியினுள் வையுங்கள். மறுநாட் காலையிலே மாணவரை அழைத்துக் காட்டுங்கள். வளைந்த முளையும் வளையாத முளையும் அருகருகே நிற்கும். அதற்கு மேல் ஆசிரியர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று மாணவரே கேட்பர்.